சிஸெட் ஷாடோ 2: ப்ரொடக்‌ஷன் ஆட்டத்துக்கு எதை முதலில் மாற்றுவது?

#1 வடமராட்சி9 (டொரன்டோ)

எல்லாருக்கும் வணக்கம். ஐபிஎஸ்சி ப்ரொடக்‌ஷன் டிவிஷனுக்கு ஷாடோ 2 கைத்துப்பாக்கி இருக்கு. ஐபிஎஸ்சி எண்டது ஓடி நகர்ந்து நேரத்துக்குச் சுடுற போட்டி; இந்தப் பிரிவு கொம்பனியில செய்த துப்பாக்கிகளுக்கு. உள்ளுக்க எல்லாம் கொம்பனியில வந்தபடிதான், ஒண்டும் மாத்தேல்லை. 2022 அக்டோபர் 21க்குப் பிறகு கனடாவில எங்களை மாதிரி ஆக்கள் புதுக் கைத்துப்பாக்கி வாங்கேலாது. ஒலிம்பிக் வகைப் போட்டிக்காரருக்கு மட்டும்தான் விலக்கு, ஐபிஎஸ்சி அதுக்குள்ள வராது. அதால இந்த ஒண்டைத்தான் கன வருசத்துக்கு வச்சுப் பாவிக்கோணும். பழுதாக்காமல் ட்யூன் செய்யிற வழி வேணும்.

124 கிரெய்ன் எடைக் குண்டு, சொந்தமா லோட் செய்யிற தோட்டா, சிசிஐ கொம்பனி பிரைமர் (தோட்டாவின்ர அடியில இருந்து பவுடரைப் பத்தவைக்கிறது). ஒரு மேகசினுக்குச் சட்டப்படி பத்துத் தோட்டாதான். ஹாமர் (பிரைமரை வெடிக்கப் பண்ணுற சுத்தியல்) ஸ்பிரிங் 11.5 பவுண்டோ 13 பவுண்டோ? ரிகாயில் ஸ்பிரிங் (உதைப்பில பின்னுக்குப் போற மேல்பாகத்தை, ஸ்லைடை, திருப்பி முன்னுக்குத் தள்ளுறது) எத்தினை? ட்ரிகர் வேலையை முதலே செய்யிறதோ, பிறகோ? கிளப்பில ஆளுக்கொரு வரிசை சொல்லினம். காரணத்தோட சொல்லுங்கோ.

#2 குறிமுள் (மெல்போர்ன்)

ட்ரிகரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நம் ஆட்டத்தில் புள்ளிகளை நேரத்தால் வகுத்து ஹிட் ஃபேக்டர் எடுக்கிறோம், அந்தக் கணக்கே ஏன் என்று சொல்லிவிடும்.

24 ரவுண்டு ஸ்டேஜ் (போட்டியின் ஒரு சுற்று), மொத்தம் 120 புள்ளி என்று வையுங்கள். 116 புள்ளி, 19 வினாடி என்றால் ஹிட் ஃபேக்டர் 6.11. ட்ரிகர் கொஞ்சம் முரடாக இருந்ததால் இரண்டு ஏ (இலக்கின் நடுப்பகுதி, 5 புள்ளி) கூடுதலாக சி (அதைச் சுற்றிய பகுதி) ஆகிவிட்டது: மைனரில் (உதைப்புக் குறைந்த தோட்டா வகை, நம் பிரிவில் இந்தக் கணக்குத்தான்) சி-க்கு 3 புள்ளி, ஆக நான்கு புள்ளி போய் 112. அதே 19 வினாடியில் 5.89. இப்போது ட்ரிகர் வெண்ணெய் மாதிரி, ஆனால் ஒரு ஜாம் (தோட்டா சிக்கித் துப்பாக்கி நின்றுபோவது). அதை எடுக்க மூன்று வினாடி. 116ஐ 22ஆல் வகுத்தால் 5.27. ஒரே ஒரு ஜாம் தின்பது முரட்டு ட்ரிகர் தின்பதைவிடப் பல மடங்கு.

என் வரிசை: தோட்டா, ஹாமர் ஸ்பிரிங், அதற்கு ஏற்ற ரிகாயில் ஸ்பிரிங், சைட் (குறிபார்க்கும் பகுதி), மேகசின், அதன் பிறகு ட்ரிகர். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். இரண்டு ஸ்பிரிங்கை ஒரே நாளில் மாற்றினால், கோளாறு வரும்போது எதைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் போகும்.

தோட்டாவுக்கு முதலிடம் ஏன் என்றால், ஸ்பிரிங் எல்லாமே தோட்டாவின் உதைப்புக்கு ஏற்பத்தான் தேர்வாகும். பவர் ஃபேக்டர் என்பது கிரெய்னில் குண்டின் எடை, நொடிக்கு இத்தனை அடி என்ற வேகம், இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது. மைனருக்கு அடிவரம்பு 125. 124 கிரெய்னுக்கு 1009 அடி வேகம் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் அந்த விளிம்பில் யாரும் லோட் செய்யக்கூடாது. போட்டியில் எட்டுத் தோட்டா எடுப்பார்கள், ஒரு குண்டைக் கழற்றி எடை போடுவார்கள், மூன்றைக் குரோனோகிராஃப் (வேகம் அளக்கும் கருவி) மேல் சுட்டு சராசரி பார்ப்பார்கள். அவர்கள் கருவி உங்கள் கருவியைவிட ஒரு சதவீதம் குறைவாகக் காட்டலாம். சில பவுடர்கள் குளிரில் வேகம் இழக்கும். ப்ரொடக்‌ஷனில் 125க்குக் கீழே போனால் உங்கள் மதிப்பெண் பூஜ்யம், தாழ்ந்த வகையாக எண்ணும் சலுகை கிடையாது. அதனால் 1050 அடி, அதாவது 130 பவர் ஃபேக்டரில் நில்லுங்கள். அதற்கு மேலே போவது வீண் உதைப்பு.

#3 கொங்கு_கர்ணல் (டாலஸ்)

குறிமுள் அண்ணா சொன்ன வரிசை சரிங்க. தோட்டாவைப் பத்தி இன்னொண்ணு சேர்க்கணும், சிஸெட் வாங்கறவங்க பாதிப் பேர் இதுலதான் மாட்டறாங்க.

சிஸெட் பாரல்ல சேம்பருக்கும் (தோட்டா உட்கார்ற அறை) வரித்தடம் (உள்ள இருக்கற சுருள் பள்ளம்) ஆரம்பிக்கற இடத்துக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி. வேற துப்பாக்கில சுகமா ஓடற நீளமான தோட்டா இதுல வரித்தடத்துல போய் முட்டிக்கும். ஸ்லைடு ரெண்டு மி.மீ. முன்னாடியே நின்னுடும். ஆளுங்க உடனே ரிகாயில் ஸ்பிரிங் மெலிசா இருக்குதுன்னு நினைச்சுக் கனமான ஸ்பிரிங் போடுவாங்க. தப்பு அங்க இல்லீங்க.

பாரலைக் கழட்டி, வாய் கீழ பார்க்கப் பிடிங்க. தோட்டாவை மேல இருந்து விடுங்க. டொக்குனு உட்காரணும். விரலால சுத்தினா தடையில்லாம சுத்தணும். கவுத்தா தன் எடையிலயே வெளிய விழணும். சுத்தலைன்னா குண்டு மேலயும் கேஸ் (பித்தளைக் கூடு) வாய்லயும் மார்க்கர் பேனால கருப்பு பூசி மறுபடி போட்டு எடுங்க. குண்டோட வளைவுல கீறல் விழுந்தா நீளம் ஜாஸ்தி. கேஸ் வாய்கிட்ட கீறல் விழுந்தா கிரிம்ப் (கேஸ் வாயை உள்ள இறுக்கறது) பத்தலை, 9.60ல இருந்து 9.65 மி.மீ. வரைக்கும் வாய் அளவு வச்சுக்கோங்க. தட்டை மூக்கு 147 கிரெய்ன் குண்டுன்னா மொத்த நீளத்தை 28 மி.மீ.க்குக் கீழகூட இறக்க வேண்டி வரலாம்.

நீளத்தைக் குறைச்சா கேஸுக்குள்ள இடம் குறையுது, அழுத்தம் ஏறும். அதனால பழைய பவுடர் அளவை அப்படியே வச்சுக்கக் கூடாது. லோடிங் புத்தகத்துல இருக்கற ஆரம்ப அளவுக்கு இறங்கிப் படிப்படியா ஏத்திக்கிட்டு வாங்க.

#4 நெறியாளர்

இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் கவனத்துக்கு: 9 மி.மீ. சர்வீஸ் தோட்டா எடுக்கும் கைத்துப்பாக்கி அங்கே தடைசெய்யப்பட்ட துளை வகை. இங்கே பேசப்படுவது சட்டப்படி உரிமம் பெற்று, கிளப்பில் பதிந்து சுடுகிறவர்களுக்கானது. மேகசின் கொள்ளளவை மாற்றுவது, கொள்ளளவு கூடாதபடி பின் அடித்த மேகசினைத் திறப்பது பற்றி இந்த இழையில் பேச வேண்டாம். கழற்றிப் பூட்டும் வேலை எதுவானாலும் தோட்டா வேறு அறையில் இருக்கட்டும், சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.

#5 குறிமுள்

நன்றி நெறியாளர். ஹாமர் ஸ்பிரிங்குக்கு வருகிறேன்.

வடமராட்சி, சிசிஐ பிரைமர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லே பதிலைத் தீர்மானிக்கிறது: 13 பவுண்ட். சிசிஐ கடினமான பிரைமர், ஃபெடரல் மென்மையானது. 11.5 பவுண்ட் வேண்டும் என்றால் ஃபெடரல் பிரைமருக்கு மாறி, நீளமான ஃபயரிங் பின்னும் (பிரைமரைக் குத்தும் ஊசி), அதற்குரிய மெல்லிய ஃபயரிங் பின் ஸ்பிரிங்கும் சேர்த்தே போட வேண்டும். 11.5ஐயும் சிசிஐயையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நம்பிக்கையாகச் சுட முடியாது.

கோளாறு பெரும்பாலும் முதல் ஷாட்டில்தான் தலைகாட்டும். ட்ரிகர் இழுப்பே ஹாமரை ஏற்றியும் விடுகிற டபுள் ஆக்‌ஷன் ஷாட் அது. டபுள் ஆக்‌ஷனில் ஹாமர் முழுதாகப் பின்னுக்குப் போவதற்குச் சற்று முன்பே விடுபடுகிறது. பயண தூரம் குறைவு, அடியும் மெல்லியது. அதே ஸ்பிரிங்கில், ஹாமர் ஏற்கெனவே ஏறியிருக்கும் சிங்கிள் ஆக்‌ஷன் ஷாட்டெல்லாம் குறையில்லாமல் வெடிக்கும். ஆகவே சோதிக்கும்போது மேகசின் மேகசினாகச் சுட்டுத் தள்ளுவதில் பயனில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஹாமரை இறக்கி, டபுள் ஆக்‌ஷனில் நூறு ஷாட். நூறும் வெடித்தால்தான் அந்த ஸ்பிரிங் போட்டிக்கு.

வெடிக்காத தோட்டாவைத் தூக்கி எறியாதீர்கள். வாயைத் தடுப்பு மேட்டை நோக்கியே வைத்து 30 வினாடி பொறுங்கள், பிறகு எடுத்துப் பாருங்கள். பிரைமரில் பள்ளம் ஆழமாக, நடுவில் இருந்தால் பிரைமர் மேல்தான் சந்தேகம். ஆழமில்லாத பள்ளம் என்றால் அடி போதவில்லை. இரண்டாவது அடியில் வெடிக்கிறது என்றால் பிரைமர் முழுதாக உட்கார்த்தப்படவில்லை: முதல் அடி பிரைமரைக் கீழே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகிறது. பிரைமர் கேஸின் அடித்தளத்துக்கு 0.08 முதல் 0.13 மி.மீ. வரை கீழே இருக்க வேண்டும். விரலால் தடவினால் சிறு குழி தெரியும். மேடு தட்டினால் அந்தத் தோட்டா பயிற்சிக்கும் வேண்டாம்.

#6 இருசுவில் (லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தவன்)

ரிகாயில் ஸ்பிரிங் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. பலர் அதை ஹாமர் ஸ்பிரிங்கோடு சம்பந்தமில்லாத உருப்படி போலப் பேசுகிறார்கள்.

ஸ்லைடு பின்னால் போகும்போது அதைத் தடுப்பது ரிகாயில் ஸ்பிரிங் மட்டுமல்ல. ஹாமரைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்க்கும் வேலையும் ஸ்லைடுதான் செய்கிறது. ஹாமர் ஸ்பிரிங் கனமாக இருந்தால் ஸ்லைடு திறப்பது தாமதமாகும், மெலிந்தால் ஸ்லைடு வேகமாகப் பாயும். ஹாமர் ஸ்பிரிங்கை 13க்கு இறக்கியதுமே, ரிகாயில் ஸ்பிரிங்கைத் தொடாமலே உதைப்பின் உணர்வு மாறியிருக்கும். ஆகவே ஹாமர் ஸ்பிரிங் முடிவாகாமல் ரிகாயில் ஸ்பிரிங் தேர்வு செய்யாதீர்கள்.

130 பவர் ஃபேக்டருக்கு 10, 11, 12 பவுண்ட் மூன்றும் வாங்குங்கள். விலை பெரிதில்லை. 8 பவுண்டில் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள், சுத்தமாகத் துடைத்த துப்பாக்கியில் அது ஓடவும் ஓடும். ஆனால் இரண்டு நாள் போட்டியில் இரண்டாம் நாள் மாலை, புழுதியும் கரியும் ஏறிய பிறகு, கடைசித் தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளும் வலு அதற்கு இருக்காது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எது உங்களுக்கு ஏற்றது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 10 மீட்டரில் ஒரு வெள்ளைத் தாளில் கையளவு வட்டம். இரண்டிரண்டு ஷாட்டாக, ஒரே வேகத்தில், ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் ஐந்து மேகசின். இரண்டாவது ஓட்டை தொடர்ந்து முதலாவதற்குக் கீழே விழுந்தால் ஸ்லைடு முன்னால் வந்து அடித்து மூக்கைக் கீழே தள்ளுகிறது, ஸ்பிரிங் கனம். மேலே விழுந்தால் சைட் இன்னும் திரும்பி வந்து நிற்பதற்கு முன்பே சுடுகிறீர்கள், அல்லது ஸ்பிரிங் மெலிவு. ஒரு எச்சரிக்கை: உங்கள் கையே ஷாட்டுக்கு முன்னால் கீழே அழுத்தினாலும் ஓட்டை கீழேதான் விழும். மேகசினில் நடுவே எங்கோ ஒரு டம்மி தோட்டாவை வேறொருவரைக் கொண்டு போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது மூக்கு குனிந்தால் குற்றம் ஸ்பிரிங்கில் இல்லை.

#7 கொங்கு_கர்ணல்

இருசுவில் சார், 10 போதும்ங்கறது என் கட்சி. 12 போட்டா 130 பவர் ஃபேக்டர்ல சில நேரம் கடைசி ரவுண்டுக்கு அப்புறம் ஸ்லைடு பின்னால நிக்காது, கேஸும் காலடியிலயே விழும். கேஸ் ஒண்ணரை ரெண்டு மீட்டர் தள்ளி ஒரே இடத்துல விழுந்தா ஸ்பிரிங் பொருந்துதுன்னு அர்த்தம். நாலு மீட்டர் பறந்தா மெலிசு.

#8 இருசுவில்

கேஸ் விழும் தூரம் ஓரளவுக்குத்தான் பேசும் சார். எக்ஸ்ட்ராக்டர் (கேஸை இழுக்கும் நகம்) பிடிப்பும் எஜெக்டர் (கேஸை வெளியே தட்டும் துண்டு) வடிவமும் அதில் கலந்திருக்கின்றன. எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்குக் கீழே கரி அடைத்தாலே கேஸ் போகும் திசை மாறிவிடும். 10 தவறு என்று சொல்லவில்லை. 10 போடுகிறவர் இந்த ஒரு சோதனையைச் செய்தாக வேண்டும்: காலித் துப்பாக்கி, மேகசின் வெளியே, வாய் 45 பாகை மேலே பார்க்க, ஸ்லைடை இழுத்துக் கையோடு மெல்ல மெல்ல முன்னே விடுங்கள். கடைசி இரண்டு மி.மீட்டரில் தயங்காமல் முழுதாக மூட வேண்டும். துடைத்த துப்பாக்கியில் ஒரு முறை, 300 ரவுண்டு சுட்டுத் துடைக்காத துப்பாக்கியில் ஒரு முறை. இரண்டாவதில் நின்றால் ஒரு பவுண்ட் ஏற்றுங்கள்.

#9 வடமராட்சி9

நல்ல விளக்கம், எல்லாருக்கும் நன்றி. 13 பவுண்டும் 11 பவுண்டும் எண்டு தொடங்கிறன். ஹாமர் ஸ்பிரிங் மாத்தேக்க என்ன கவனிக்கோணும்? மற்றது, திறந்த சைட்தான் பாவிக்கிறது. 25 மீட்டரில ஆறு சென்டிமீட்டர் கீழ போகுது. ஃபிரண்ட் சைட்டை எவ்வளவு மாத்திறது எண்டு கணக்கு ஏதும் இருக்கோ?

#10 அளவுகோல் (சிங்கப்பூர்)

சைட் கேள்விக்கு நான் சொல்றேன், கணக்கு ரொம்ப நேரானது.

விலகலை சைட் ரேடியஸால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் சைட்டில் செய்ய வேண்டிய மாற்றம் வரும். மூன்றும் மி.மீட்டரில். ரியர் சைட் முகப்பிலிருந்து ஃபிரண்ட் சைட் முகப்பு வரை வெர்னியரால் அளந்து பாருங்க. 190 என்று வைத்தால், 60 பெருக்கல் 190, வகுத்தல் 25,000. விடை 0.456. ஷாட் கீழே போகிறது, ஆகவே ஃபிரண்ட் சைட்டைத்தான் தணிக்கணும். சுமார் 0.45 மி.மீ. தணிவான சைட் வாங்குங்க. ஃபைபர் (ஒளியில் மின்னும் பிளாஸ்டிக் இழை) வைத்த சைட்டை அரத்தால் தேய்ச்சால் மேல் விளிம்பு சாய்ந்து, வெயில் ஒரு பக்கம் படும்போது பளபளத்துக் கண்ணை ஏமாத்தும். ரியர் சைட்டைத் திருகி ஏத்த முடியுமானால் அதே 0.45 ஏத்தினாலும் சரி.

இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன்னால், ஆறு சென்டிமீட்டர் என்பது உண்மையா என்று உறுதி பண்ணுங்க. போட்டிக்கு எடுக்கும் அதே தோட்டா, மணல் மூட்டை மேல் கையை வைத்து, பத்து ஷாட். அதன் நடுவிலிருந்து அளக்கணும். நின்றபடி சுட்ட ஐந்து ஷாட்டை நம்பி சைட் மாத்தினால், அடுத்த வாரம் மறுபடி மாத்த வேண்டி வரும். 124க்கும் 147 கிரெய்னுக்கும் உயரம் வேறுபடும்.

அகலத்தில் என் கருத்து: ஃபிரண்ட் 2.5 மி.மீ., ரியர் வெட்டு 3.2 அல்லது 3.5, ஃபைபர் 1 மி.மீ. இருபுறமும் வெளிச்சம் தெரியும் இடைவெளி இருந்தால் கண் சட்டென்று நடுவில் வைக்கும். ஃபைபர் 1.5 ஆனால் வெயிலில் அது பெரிய பந்தாகி, 25 மீட்டர் தட்டை மறைச்சிடும். ஃபைபர் உடையும். ஒரு அடி நீளத் துண்டும் ஒரு லைட்டரும் பையில் இருக்கணும். முனையை லேசாகச் சூடு காட்டினால் குமிழ் விட்டுத் தானே பிடிச்சுக்கும்.

#11 குறிமுள்

ஹாமர் ஸ்பிரிங் வேலையில் ஆபத்து ஸ்பிரிங் பறப்பதுதான், கண்ணாடி கட்டாயம். கிரிப் இரண்டையும் கழற்றி, ஹாமரை இறக்கிய நிலையில் வையுங்கள். அப்போதுதான் ஸ்பிரிங்கில் அழுத்தம் குறைவு. பிடியின் அடியில் ஸ்பிரிங்கைத் தாங்கும் கட்டை ஒரு பின்னால் நிற்கிறது. கட்டையைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திக்கொண்டே பின்னை வெளியே தள்ளுங்கள், பிறகு மெல்ல விரலைத் தளர்த்துங்கள். பழைய துணி ஒன்றால் கையை மூடிக்கொண்டு செய்தால் கட்டை அறையின் மூலைக்குப் போகாது. புது ஸ்பிரிங் போட்டு, ஹாமர் தண்டின் முனை கட்டையின் துளைக்குள் நேராக நுழைகிறதா என்று பார்த்து மூடுங்கள்.

திறந்தது திறந்தபடி ட்ரிகர் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் பாருங்கள். இந்தக் குடும்பத்துத் துப்பாக்கிகளில் அதுதான் சொல்லாமல் உடையும் உருப்படி. உடைந்தால் ட்ரிகர் முன்னே வராது, ஸ்டேஜ் அங்கேயே முடிந்தது. மெல்லிய ரிட்டர்ன் ஸ்பிரிங் கிடைக்கிறது. இழுவையும் குறையும், உலோகமும் குறைவாகக் களைக்கும் என்பதால் இது இரட்டை லாபம். ட்ரிகரைத் தொடாமல் ட்ரிகர் நன்றாவதற்கு இதைப்போல மலிவான வழி இல்லை.

ஃபயரிங் பின்னை நிறுத்தும் சுருட்டுப் பின்னும் கவனத்துக்குரியது. சேம்பர் காலியாக வைத்து ஆயிரக்கணக்கில் டிரை ஃபயர் (தோட்டா இல்லாமல் ட்ரிகர் இழுக்கும் பயிற்சி) செய்தால் அந்தப் பின் வளையும், பிறகு ஃபயரிங் பின்னையே கவ்விப் பிடிக்கும். வீட்டுப் பயிற்சிக்கு ஸ்நாப் கேப் (டிரை ஃபயருக்கான டம்மி தோட்டா) போடுங்கள்.

#12 கொங்கு_கர்ணல்

இப்ப ட்ரிகருக்கு வரலாம்ங்களா? பாலிஷ் பத்திச் சொல்றேன், ஏன்னா இதுலதான் நல்ல துப்பாக்கியைக் கெடுக்கறாங்க.

பாலிஷ் பண்ணலாம்னா எங்க: ட்ரிகர் பார் (ட்ரிகரோட அசைவைப் பின்னால கொண்டுபோற தகடு) ஃப்ரேம்ல உரசற பக்கம், ஹாமர் தண்டு, பின்னுங்க மேற்பரப்பு. 1000 நம்பர் தாள்ல ஆரம்பிச்சு 2000ல முடிச்சு, கடைசியா பாலிஷ் பேஸ்ட் போட்டுத் துணியில தேய்க்கணும். மெஷின் கோட்டைப் போக்கறதுதான் வேலை, உலோகத்தைக் குறைக்கறது இல்லை. உரசின இடம் மட்டும் பளபளன்னு தனியாத் தெரியும். அந்தத் தடத்தை மட்டும் தேய்ங்க.

தொடக் கூடாதது சியரும் (ஏறின ஹாமரைப் பிடிச்சு வைக்கற துண்டு) ஹாமர் கொக்கியும் சந்திக்கற முகம். அங்க இருக்கற கடினமான தோல் ரொம்ப மெலிசு. கோணம் ஒரு துளி மாறினாலும் ஹாமர் தானா விழலாம், ஒரு இழுப்புக்கு ரெண்டு ஷாட் போகலாம். அந்த வேலை ஜிக் (கோணம் மாறாம பிடிக்கற கருவி) வச்சிருக்கற துப்பாக்கி மெக்கானிக்கோடது. வீட்டு மேசை வேலை இல்லீங்க.

ஓவர் ட்ராவல் ஸ்க்ரூ (ஹாமர் விழுந்த பிறகும் ட்ரிகர் பின்னால போறதை நிறுத்தறது) இருக்கற ட்ரிகர் போட்டா, ஹாமர் விழற புள்ளிக்கு ஒட்டி முறுக்கிடாதீங்க. ஹாமர் இறங்கும்போது அதோட அரைக்கொக்கி (ஹாமரைப் பாதி வழியில பிடிக்கற வெட்டு) சியர் முனையில இடிக்கும். கட்டைவிரலால ஹாமரைப் பிடிச்சுக்கிட்டு, ட்ரிகரை முழுசா அழுத்தி வச்சு, மெதுவா இறக்கிப் பாருங்க. வழியில எங்கயாவது நறநறன்னு தட்டினா ஸ்க்ரூ ஜாஸ்தி. தட்டாம இறங்கற இடத்துல இருந்து இன்னும் கால் சுத்து பின்னால எடுத்து, நீல லாக்டைட் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கற பசை) ஒரு சொட்டு.

#13 இருசுவில்

ஸ்பிரிங்கோ ட்ரிகரோ, எதை மாற்றிப் பூட்டினாலும் ரேஞ்சுக்குப் போகும் முன் காலித் துப்பாக்கியில் இதைச் செய்யுங்கள். ஹாமரை ஏற்றி, சேஃப்டி போட்டு, ட்ரிகரை வழக்கத்தைவிடப் பலமாக இழுத்து விடுங்கள். சேஃப்டியை எடுங்கள். அந்த நொடியில் ஹாமர் விழுந்தால் சேஃப்டி சியரை முழுதாகப் பிடிக்கவில்லை. அடுத்து ஹாமரை ஏற்றிப் பின்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் பலமாக முன்னே தள்ளுங்கள், அசையக் கூடாது. பிறகு காலி மேகசின் போட்டு ஸ்லைடை இழுத்து, அது பின்னால் நின்றதும், மேகசினை எடுத்துவிட்டு ஸ்லைடை விடுங்கள். ஹாமர் கூடவே வரக் கூடாது. இதை இரண்டு மூன்று தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், காலிச் சேம்பரில் ஸ்லைடு மோதுவது சியருக்கு நல்லதல்ல. கடைசியாக ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடி ஸ்லைடை இழுத்து விட்டு, மெல்லத் தளர்த்தினால் ரிசெட் (ட்ரிகர் அடுத்த ஷாட்டுக்குத் தயாராகும் இடம்) தெளிவாகத் தெரிய வேண்டும்.

ரேஞ்சில் முதல் பத்து மேகசின் இரண்டே தோட்டா போட்டுச் சுடுங்கள். ஒரு இழுப்புக்கு இரண்டு போனால் துப்பாக்கி பைக்குள். அதை வைத்து யாரும் போட்டிக்கு நிற்கக் கூடாது.

#14 வடமராட்சி9

ஒரு சந்தேகம். ப்ரொடக்‌ஷனில ஹாமரை இறக்கித்தான் தொடங்கோணும். ஷாடோ 2இல டிகாக்கர் (ஹாமரைப் பத்திரமா இறக்கிற நெம்பு) இல்லை, கையால இறக்கோணும். மெல்லிய ஸ்பிரிங் போட்டால் இது சுகமோ, ஆபத்தோ?

#15 குறிமுள்

சுகம்தான். ஆனால் ஷாடோ 2இல் ஃபயரிங் பின் தடுப்பு கிடையாது, அதனால் கவனம் குறையக் கூடாது. வாய் தடுப்பு மேட்டை நோக்கியே இருக்கட்டும். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஹாமரை இருபுறமும் கவ்வட்டும். ட்ரிகரை அழுத்துங்கள், ஹாமர் நகரத் தொடங்கியதும் ட்ரிகரிலிருந்து விரலை முழுதாக எடுத்துவிடுங்கள், அதன் பிறகே ஹாமரைக் கீழே கொண்டுபோங்கள். விரலை எடுத்துவிட்டால் பிடி நழுவினாலும் அரைக்கொக்கி ஹாமரைப் பிடிக்கும். அரைக்கொக்கியில் நின்றுவிட்டால் அதோடு விடாதீர்கள்: டிகாக்கர் இல்லாத துப்பாக்கியில் ஹாமர் முழுதாக இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. ட்ரிகரை இன்னொரு தரம் லேசாக அழுத்தி, ஹாமரைப் பிடித்தபடியே கீழே விடுங்கள். இந்த நேரத்தில் ஷாட் போனால் போட்டியிலிருந்து வெளியேற்றம்தான். வியர்வைக் கையோடு செய்யாதீர்கள், துடைத்துக்கொள்ளுங்கள்.

மேகசின் பற்றி யாரும் பேசவில்லையே! பத்து ரவுண்டு நாட்டில் அதுதான் பாதி ஆட்டம். 32 ரவுண்டு ஸ்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள். சேம்பரில் ஒன்று சேர்த்து 11, பிறகு 10, 10. ஒன்றுகூடத் தப்பாமல் சுட்டாலும் 31. மீதி ஒரே ஒரு ஷாட்டுக்காக நாலாவது மேகசின். மூன்று ரீலோடு, மூன்று மேகசின் மண்ணில் விழுகிறது. ட்ரிகருக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை இங்கே போடுங்கள்.

ஒவ்வொன்றின் அடித்தட்டிலும் வெள்ளை பெயின்டில் எண் எழுதுங்கள். ஜாம் வந்தால் எந்த எண் என்று குறித்துவையுங்கள். ஒரே எண் இரண்டு தடவை வந்தால் அது பயிற்சிக்கு மட்டும். தோட்டா நிரப்பிய மேகசினும் காலி மேகசினும் பொத்தானை அழுத்தியதும் தன் எடையில் விழ வேண்டும். ஒட்டினால் கிரிப் பலகையின் ஓரமோ கிரிப் ஸ்க்ரூவின் நுனியோ உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். புது அலுமினியக் கிரிப் போட்டதும் இது அடிக்கடி நடக்கும். மேகசினுக்குள் எண்ணெய் வேண்டாம், மண்ணைப் பிடித்துவைக்கும். பிரஷ் விட்டு உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

#16 அளவுகோல்

போட்டிப் பையில்: ட்ரிகர் ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒன்று, ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் துண்டு) ஒன்று, போட்ட அதே பவுண்டில் ரிகாயில் ஸ்பிரிங் ஒன்று, எக்ஸ்ட்ராக்டரும் அதன் ஸ்பிரிங்கும், 3 மி.மீ. பஞ்ச் (பின்னைத் தள்ளும் கம்பி). ஸ்லைடு ஸ்டாப் இந்த வகையில் உடையக்கூடியது; துடைக்கும்போதெல்லாம் தண்டும் தகடும் சேரும் மூலையில் முடி அளவு விரிசல் இருக்கான்னு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்க. ரிகாயில் ஸ்பிரிங் 3,000லிருந்து 5,000 ரவுண்டுக்குள் மாத்தணும். புது ஸ்பிரிங்கைப் பக்கத்தில் வச்சால் பழையது எவ்வளவு சுருங்கியிருக்குன்னு கண்ணுக்கே தெரியும்.

#17 வடமராட்சி9

எல்லாம் குறிச்சு வச்சிட்டன். கடைசியா ஒண்டு: முதல் ஷாட் ட்ரிகர் இழுவை 2.27 கிலோவுக்குக் குறையக் கூடாது எண்டது விதி. 13 பவுண்ட் ஸ்பிரிங், மெல்லிய ரிட்டர்ன் ஸ்பிரிங், பாலிஷ், எல்லாம் சேர்ந்தால் அதுக்குக் கீழ போயிடுமோ? எப்பிடி அளக்கிறது?

#18 இருசுவில்

13இல் போகாது. டபுள் ஆக்‌ஷன் இழுவை வரம்புக்கு மேலே வசதியாக நிற்கும். 11.5ஐயும் தாண்டிக் கீழே இறங்கினால்தான் வரம்பை உரச ஆரம்பிக்கும், அதுவும் ஸ்பிரிங் ஒரு வருடம் பழகிய பிறகு. குறைந்தது 250 கிராம் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

அளப்பதற்கு 2.27 கிலோ எடைக்கல்லில் ஒரு கொக்கி மாட்டுங்கள். காலித் துப்பாக்கி, ஹாமர் முழுதாகக் கீழே, வாய் மேலே பார்க்க. கொக்கியை ட்ரிகரில் மாட்டி மெல்லத் தூக்குங்கள். வெடுக்கென்று தூக்கினால் எடை கூடுதலாக இழுக்கும். கல் தரையை விட்டு எழுந்தும் ஹாமர் விழவில்லை என்றால் தேறியது. கொக்கி விரல் படும் இடத்தில், ட்ரிகர் வளைவின் நடுவில் இருக்கட்டும். அடி நுனிக்குச் சறுக்கிவிட்டால் நெம்பு நீளம் கூடி, சரியான துப்பாக்கியும் தோற்றதாகக் காட்டும். சோதனை மேசையில் கொக்கி எங்கே மாட்டப்படுகிறது என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்; நுனியில் மாட்டினால் நடுவுக்கு ஏற்றி மறுபடி தூக்கச் சொல்லிக் கேளுங்கள்.